மனோரஞ்சித மணமும் மாந்தளிர் மானும்

ஆம்பல் மடுவின் கரையில் புள்ளிமான்களும் சாம்பல்நிற மந்திகளும் சேர்ந்து வாழ்ந்து வந்தன.

அவற்றுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மந்திகள் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து கண்ணால் காவல் காக்கும். மான்கள் கீழே நின்று மூக்கால் காவல் காக்கும். வெட்டவெளியில் வரும் ஆபத்தை மந்தி பார்த்துவிடும். புதருக்குள் பதுங்கி வரும் ஆபத்தை மான் மோப்பம் பிடித்துவிடும். யார் முதலில் அறிந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டால் அந்தக் கரையில் பயமில்லாமல் புல் மேய முடிந்தது.

அந்த மான் கூட்டத்தில் மாந்தளிர் என்றொரு இளம் மான் இருந்தது. மேய்ந்துகொண்டிருக்கும்போதே கனவு காண்பது அதன் வழக்கம். காலையில் மடுவின் மேல் பனி எழும்பும். தண்ணீர் தூக்கத்தில் மூச்சு விடுகிறது என்று மாந்தளிர் நினைத்துக்கொள்ளும். அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கும். கூட்டம் நகர்ந்து வெகுதூரம் போயிருக்கும்.

"அடி மாந்தளிர்! எல்லோரும் போய்விட்டார்கள். இன்னும் என்ன பராக்கு?" என்று மரத்திலிருந்து சாம்பி கத்தும். சாம்பி ஒரு மந்தி. மாந்தளிரின் உயிர்த்தோழி. அது கத்தாவிட்டால் மாந்தளிர் போகாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். இருந்தால் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. கூட்டத்தில் மாந்தளிர் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் மதியம் அது கனவிலேயே நடந்து, வற்றிய ஓடை ஒன்றின் பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு பாறையை மூடிக்கொண்டு மனோரஞ்சிதக் கொடி படர்ந்து கிடந்தது. பழுத்து மஞ்சளான பூக்கள் கீழே மெத்தை போல உதிர்ந்திருந்தன. மாந்தளிர் அதன்மேல் படுத்தது. கண்கள் தானாக மூடிக்கொண்டன.

அப்பப்பா, என்ன வாசனை! மாம்பழத்தை நினைத்தது. காற்றெல்லாம் மாம்பழமாக மணத்தது. விளாம்பழத்தை நினைத்தது. அதுவாகவும் மணத்தது. தான் ஒரு மேகத்தின் மேல் நடப்பதாகவும், மேகத்தின் அடியில் காடு ஒரு சின்னப் பச்சை இலையாக மிதப்பதாகவும் மாந்தளிர் கனவு கண்டது.

விழித்து எழுந்து மடுவுக்குத் திரும்பியபோது, கனவின் ஒரு துண்டு அதன் தோலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சாம்பிதான் முதலில் கவனித்தது. கிளையிலிருந்து குதித்து வந்து தோழியின் கழுத்தில் முகம் வைத்தது.

"அடி, என்னடி இது! பக்கத்தில் வந்தால் பழம் போல மணக்கிறாய்!"

"நிஜமாகவா?"

"நிஜமாகத்தான்! ஏய், எல்லோரும் இங்கே வாருங்கள்!"

மான்கள் வந்தன. முயல் வந்தது. மயில்கூட வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. "ஆகா!" என்றார்கள் எல்லோரும். அன்று சாயங்காலம் முழுவதும் மாந்தளிரைச் சுற்றி யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். வெயில் மங்கி, மடுவின் தண்ணீர் தேன் நிறமானது. இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மாந்தளிர் நினைத்தது.

மறுநாள் காலை தன் தோளை முகர்ந்து பார்த்தது. வாசனையே இல்லை!

உண்மையில் வாசனை இருந்தது. ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்குக்கு அது பழகிவிடும். பழகியது மூக்குக்குத் தெரியாது. இது மாந்தளிருக்கு யார் சொல்வது? அது அவசர அவசரமாக ஓடைக்கு ஓடியது. நேற்றுப் படுத்த இடத்தில் இன்று புரண்டது.

அதற்கு மறுநாளும் வாசனை தெரியவில்லை. பூக்களைக் குளம்பால் நசுக்கி அந்தச் சாற்றில் புரண்டது. பிறகு அதுவும் போதவில்லை. பாறைக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பூக்களைத் தள்ளி, ஊறவிட்டு, கழுத்து வரை அமிழ்ந்து எழுந்தது.

இப்போது மாந்தளிர் வருவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிடும். மாந்தளிர் போன பின்னும் வாசனை போகாது. வண்ணத்துப்பூச்சிகள் அதன் பின்னால் மஞ்சள் முந்தானை போலப் பறந்தன. மாந்தளிர் பாதிக் கண் மூடி நடந்தது. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். 'ராணிக்கு இப்படித்தான் வழிவிடுவார்கள்' என்று அது நினைத்துக்கொண்டது.

முயல் தும்மியது. "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டு வளைக்குள் போய்விட்டது. மான்கள் மெல்ல மெல்ல நகர்ந்தன. "அந்தப் பக்கம் புல் இளசாக இருக்கிறது" என்றன. மயிலுக்குத் தலைவலி. அது எதுவும் சொல்லாமல் அக்கரைக்குப் பறந்துவிட்டது.

நாளாக ஆக, மாந்தளிருக்கே என்னவோ போல் இருந்தது. சுற்றிலும் யாருமில்லை.

"சாம்பி! என்மேல் வாசனை இருக்கிறதா இல்லையா?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டது.

சாம்பி இப்போதெல்லாம் உச்சிக் கிளையைவிட்டு இறங்குவதில்லை. அதன் கண்களில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இருக்கிறது, இருக்கிறது!" என்றது.

"போதுமா?"

சாம்பி வாயைத் திறந்தது. தோழியின் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் அத்தனை ஆசை. "போதும்... நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, முகத்தை இலைக்குள் புதைத்துக்கொண்டது.

ஒரே ஒரு ஆள்தான் நேராகச் சொன்னது. அது காட்டுப்பன்றி தடியன்.

"ஏ மாந்தளிர்! மண்ணுக்குள் கிழங்கு எங்கே இருக்கிறது என்று நான் மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீ வந்து நின்றால் காடு முழுவதும் உன் வாசனைதான். இரண்டு வேளையாக நான் பட்டினி! கொஞ்சம் தள்ளி நில்லம்மா!"

மாந்தளிருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சேற்றில் புரளுகிறவனுக்கு வாசனையைப் பற்றி என்ன தெரியும்!" என்றது வெடுக்கென்று.

அங்கே மான்கள் நின்றன. முயல் நின்றது. மேலே சாம்பி இருந்தது. தடியன் எல்லோரையும் திரும்பிப் பார்த்தது. ஒருவராவது "ஆமாம்" என்று சொல்லவில்லை. புல்லையும் வானத்தையும் பார்த்தார்கள்.

"சரி, எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது" என்று முணுமுணுத்துக்கொண்டே தடியன் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொன்றை என்ற மானுக்குக் குட்டி பிறந்தது. மடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஆள் உயரக் கோரைப்புல்லுக்குள் அது குட்டியை மறைத்து வைத்தது.

கொன்றை எல்லோரிடமும் சொன்னது: "குட்டிக்கு இப்போது எனக்கு மட்டும் தெரிகிற மணம் தவிர வேறு வாசனையே கிடையாது. அதனால்தான் எந்த மிருகமும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள்." மாந்தளிரிடம் மட்டும் தனியாக இன்னொரு முறை சொன்னது. "கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. நீ முக்கியமாகப் போகாதே!"

"ஏன் அக்கா?"

கொன்றை தயங்கியது. "குட்டி தூங்கும். அதனால்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை, பனி விலகும் நேரத்தில், மாந்தளிர் ஓடையிலிருந்து திரும்பி வந்தது. தோலெல்லாம் பூச்சாறு. கோரைப்புல்லைக் கடக்கும்போது உள்ளே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தது.

குட்டி சுருண்டு படுத்திருந்தது. வெயில் புல்லின் வழியே சின்னச் சின்ன வட்டங்களாக விழுந்தது. எது வெயில், எது புள்ளி என்று தெரியவில்லை.

மாந்தளிர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. போகக் கூடாது என்று கொன்றை சொன்னது நினைவில் இருந்தது. 'தூங்கும் என்றுதானே சொன்னாள்? நான் சத்தம் போடப் போவதில்லையே!' என்று நினைத்தது. பிறகு இன்னொன்றும் நினைத்தது. 'பாவம், இதற்கு ஒரு வாசனையும் இல்லை. என்னிடம்தான் இவ்வளவு இருக்கிறதே!'

மெல்லப் படுத்து, குட்டியின் முதுகில் தன் கழுத்தை வைத்துத் தேய்த்தது. காதில் தேய்த்தது. குட்டி கண் திறக்காமலே வாயைச் சப்புக் கொட்டியது. அது பாலைக் கனவு காண்கிறது போலும். அந்தக் கனவுக்குள் தன் மணமும் போயிருக்கும் என்று எண்ணி, மாந்தளிர் மனம் நிறைந்து எழுந்து போனது.

வெயில் ஏறியதும் கொன்றை பால் கொடுக்க வந்தது. புல்லை விலக்கியது. அப்படியே திகைத்து நின்றது.

"என் குட்டி எங்கே?"

குட்டி அதன் காலடியில்தான் இருந்தது. "அம்மா!" என்று எழுந்து வந்து மடியில் முட்டியது. கொன்றை குனிந்து முகர்ந்தது. மனோரஞ்சிதம்! துள்ளி விலகியது.

"நீ யார் குட்டி? போ! என் குட்டி எங்கே? ஐயோ, என் குட்டியைக் காணோமே!"

குட்டி மறுபடியும் வந்தது. கொன்றை அதைத் தலையால் தள்ளிவிட்டு, புல்வெளியெல்லாம் கத்திக்கொண்டே ஓடியது.

மடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாந்தளிருக்கு இது கேட்டது. ஓடி வந்தது.

"அக்கா, இதுதான் உங்கள் குட்டி! நான் பார்த்தேனே!"

மாந்தளிர் கிட்டே வந்ததும் கொன்றைக்கு மூச்சு முட்டியது. "தள்ளிப் போ! உன்னால் எனக்கு ஒன்றுமே முகர முடியவில்லை!" என்று அழுதது.

அப்போது உச்சிக் கிளையிலிருந்து சாம்பியின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"நரி! புதருக்குள் நரி நுழைந்துவிட்டது! இனி எனக்குத் தெரியவில்லை! மோப்பம் பிடியுங்கள்!"

மான்கள் மூக்கைத் தூக்கின. கிழக்கே முகர்ந்தன. மனோரஞ்சிதம். மேற்கே முகர்ந்தன. மனோரஞ்சிதம். நரி எந்தப் பக்கம் என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. பயந்து, திசைக்கு ஒன்றாகச் சிதறி ஓடின. அந்தக் கூட்டத்தில் கொன்றையும் அடித்துச் செல்லப்பட்டது. குட்டி மட்டும், பிறவி வழக்கப்படி, புல்லோடு புல்லாக ஒட்டிப் படுத்துக்கொண்டது.

மாந்தளிர் ஓடவில்லை. அங்கேயே நின்றது.

புல்லைத் தள்ளிக்கொண்டு நரி வந்தது. அதன் பெயர் ஓரக்கண்ணன். இன்று அது கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, ஏதோ கனவில் நடப்பது போல வந்தது.

"வணக்கம் அம்மணி! எத்தனையோ வருஷமாக இந்தக் கோரைப்புல்லில் குட்டி தேடுகிறேன். ஒருநாளும் கிடைத்ததில்லை. வாசனை இருந்தால்தானே கிடைக்கும்! இன்றைக்குப் பார், கண்ணைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை."

"நீ என் வாசனையைப் பிடித்துத்தான் வந்தாய். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன்!"

"உன் வாசனை ஒரு பெரிய பாதை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ஒரு சின்னக் கிளைப்பாதை பிரிந்து போகிறதே! இதோ, இந்தப் பக்கம்... சின்னதாக, பால் வாசனையோடு..." ஓரக்கண்ணன் நாக்கைச் சுழற்றிக்கொண்டது.

மாந்தளிருக்குக் குட்டியின் முதுகில் கழுத்தைத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. கொன்றை சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. கனவெல்லாம் கலைந்துபோய், காடு காடாகத் தெரிந்தது.

'சின்னப் பாதையை அழிக்க முடியாது. பெரிய பாதையை எல்லா இடத்துக்கும் போட்டுவிட்டால்?'

நினைத்த மாத்திரத்தில் மாந்தளிர் தரையில் விழுந்து புரண்டது. எழுந்து ஓடியது. மறுபடி விழுந்து புரண்டது. ஒவ்வொரு புதரிலும் உடம்பைத் தேய்த்தது. கோரைப்புல்லை வளைத்து வளைத்துச் சாற்றை அப்பியது. நரியைச் சுற்றி ஓடி, அதன் முகத்துக்கு நேரே உடம்பைச் சிலிர்த்தது.

"என்ன ஆட்டம் இது! நிறுத்து!" என்று நரி கத்தியது.

இப்போது நாலா பக்கமும் ஒரே மணம். ஓரக்கண்ணன் இந்தப் பக்கம் முகர்ந்தது. அந்தப் பக்கம் முகர்ந்தது. "எங்கே போனது? இப்போதுதானே இங்கே..." என்று தடுமாறியது. பிறகு ஒரு தும்மல் போட்டது. இன்னொன்று. கண்ணில் நீர் தாரை தாரையாக வடிந்தது. முன்காலால் மூக்கைப் போட்டுத் தேய்த்தது.

மாந்தளிர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதை வேறு எங்கோ பார்த்திருக்கிறோமே! நீர் வடியும் கண். இலைக்குள் புதையும் மூக்கு. சாம்பி! தும்மிக்கொண்டே வளைக்குள் ஓடிய முயல்! ராணிக்கு வழிவிட்டவர்கள் எல்லோருக்கும் இதே முகம்தான் இருந்தது.

அந்த நேரத்தில் நரியின் முதுகுக்குப் பின்னால் புல் அசைந்தது. சாம்பியின் கூச்சல் கேட்டுத் தடியன் வந்துகொண்டிருந்தது. பன்றியின் வாடை கொஞ்சநஞ்சமல்ல. வேறொரு நாளாக இருந்தால் ஓரக்கண்ணன் அதைத் தூரத்திலேயே அறிந்து ஓடியிருக்கும். இன்று அதன் மூக்கு செத்துக் கிடந்தது. தடியனின் கொம்பு போன்ற பல் இடுப்பில் இடித்தபோதுதான் அதற்குச் சங்கதி தெரிந்தது.

"ஐயோ!" என்று அலறி, அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, ஓரக்கண்ணன் ஓட்டம் பிடித்தது. மடுவைத் தாண்டிய பின்னும் அதன் தும்மல் கேட்டது.

மாந்தளிர் தடியனின் முன்னால் தலை குனிந்து நின்றது.

"அன்றைக்கு நீ சொன்னது சரிதான். நான் உன்னைக் கேவலமாகப் பேசிவிட்டேன்."

"அதை அப்புறம் பார்ப்போம். குட்டி பசியில் கிடக்கிறது. முதலில் அதைப் பார்!" என்றது தடியன்.

மாந்தளிர் குட்டியின் பக்கம் ஓர் அடி வைத்தது. உடனே நின்றுவிட்டது. தான் தொட்டால் இன்னும் மோசமாகும்.

"சாம்பி! இறங்கி வா. உன் கையால்தான் ஆக வேண்டும். குட்டியை மடுவின் நீரில் நன்றாகக் கழுவு. பிறகு கொன்றை அக்கா ராத்திரி படுத்திருந்த இடத்துப் புல்லைப் பறித்துத் தேய்த்துவிடு!"

"நீ?"

"நான் தள்ளிப் போகிறேன்." மாந்தளிர் தடியனிடம் திரும்பியது. "உன் சேறு எங்கே இருக்கிறது? எனக்கும் கொஞ்சம் தருவாயா?"

"தாராளமாக! மூழ்குமட்டும் எடுத்துக்கொள்!"

மடுவின் அக்கரையில், காற்று கூட்டத்தைவிட்டு விலகி வீசும் பக்கத்தில், தடியனின் சேற்றுக் குட்டை இருந்தது. மாந்தளிர் அதில் கழுத்தளவு இறங்கியது. அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் எல்லோரும் சின்னஞ்சிறு உருவங்களாகத் தெரிந்தார்கள். சாம்பி குட்டியைக் கழுவியது. புல்லால் துடைத்தது. மறுபடி கழுவியது. கொன்றை திரும்பி வந்தது. குட்டியைப் பார்த்தது. குனிந்து முகர்ந்தது. நிமிர்ந்துவிட்டது.

மாந்தளிர் கழுத்தை எட்டி நீட்டிப் பார்த்தது.

குட்டி நடுங்கிக்கொண்டே ஓர் அடி வைத்து நின்றது. கொன்றை மறுபடியும் குனிந்தது. காதின் பின்புறம், தொண்டை, வயிறு என்று முகர்ந்துகொண்டே போனது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அதன் முதுகை ஒரு முறை நக்கியது. குட்டி மடிக்குள் தலையை நுழைத்தது. அதன் குட்டி வால் படபடவென்று ஆடியது.

சேற்றுக்குள் நின்றபடி மாந்தளிர் அழுதது.

சாயங்காலம் சாம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நாளாகிவிட்டது, இப்படி உட்கார்ந்து.

"நீயாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே, சாம்பி."

"உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லையடி. தடியன் சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. மனசு நோகுமே என்று பார்த்தேன், குட்டியின் உயிர் போகப் பார்த்தது."

"இனிமேல் சொல்வாயா?"

"இப்போதே சொல்கிறேன். சேறு நாறுகிறது. போய்க் குளி!"

இரண்டும் சிரித்தன. மாந்தளிர் குளித்துவிட்டு, கொன்றை அக்காவிடம் போனது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. கொன்றை குட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. "குட்டி துள்ள ஆரம்பித்த பிறகு வந்து பார். அதுவரைக்கும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னது. மாந்தளிர் அப்படியே செய்தது.

மனோரஞ்சிதத்தை அது விட்டுவிடவில்லை. ஆசை ஒன்றும் குற்றமில்லையே! ஆனால் புரளுவதில்லை. ஒரு பூவின்மேல் கழுத்தை ஒரு தடவை வைத்து எடுக்கும். திரும்பி வரும்போது எட்டி நின்று, "இன்று வரலாமா?" என்று கேட்கும்.

ஒருநாள் மழை விட்டிருந்தது. மண் இளகியிருந்தது. "இன்று கிழங்கு தோண்டும் நாள் மாந்தளிர்! நாளைக்கு வாயேன்!" என்று தடியன் குரல் கொடுத்தது. "அதற்கென்ன!" என்று மாந்தளிர் திரும்பி அக்கரைக்கு நடந்தது. அங்கே ஈரப் புல்லில் படுத்தது. எங்கிருந்தோ ஒரே ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வந்து அதன் நெற்றியில் உட்கார்ந்தது. மாந்தளிர் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் தொல்லையில்லாத தன் கனவைக் காண ஆரம்பித்தது.

நம் மணம் நம்மை நாடி அருகில் வருபவருக்கு மட்டும் எட்ட வேண்டும். எல்லோருடைய மூச்சிலும் கேட்காமல் நுழைந்தால், எத்தனை இனிய மணமும் தொல்லைதான்.